ஒன்பது நாயகர்களுக்கு ஒரே நீலத் துணி

தலத்தெருவில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்த நாட்களில், நான் தொழிலுக்காகத்தான் டிவி பார்த்தேன். இதை என் வீட்டுக்காரர் கடைசிவரை நம்பவில்லை. அவர் ஐஸ் ஃபேக்டரியில் வேலை முடிந்து வரும்போது, மடியில் ஜாக்கெட் துணியும் கண்ணெதிரே வானத்தில் பறக்கும் ஓர் ஆளுமாக உட்கார்ந்திருப்பேன்.

"சின்னப் புள்ளைங்க பாக்குறத நீ பாக்குறியே, வெக்கமா இல்ல?"

"அதுங்க கதையப் பாக்குது. நான் தையலப் பாக்குறேன்."

உண்மையைத்தான் சொன்னேன். முதலில் ஒரே ஒரு சூப்பர் ஹீரோதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வருவார். அவருடைய அங்கிக்கு லைனிங் கொடுத்திருந்தார்கள். ஓரத்தை மடித்துக் கையால் ஹெம்மிங் செய்திருந்தார்கள். அதைத் தைத்தவர் யாரோ கண்டிப்பான ஆள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவருக்குப் பேர் வந்ததும் மற்ற சேனல்களுக்குப் பொறுக்கவில்லை. ஆளுக்கொருவரை இறக்கினார்கள். இரண்டே வருஷத்தில், சாயங்காலம் எந்த எண்ணை அழுத்தினாலும் யாராவது ஒருவர் நகரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஒருவருக்குச் சூரியன் சக்தி கொடுத்தது, ஒருவருக்கு மின்னல், இன்னொருவருக்குத் தேள் கடித்துச் சக்தி வந்தது. ஆள் கூடக் கூடத் துணி மோசமானது. ஒருவருக்குப் பின்னால் அங்கி படபடவென்று பறக்கும், பக்கத்து மரத்தில் ஓர் இலை அசையாது. ஒருவர் சிரித்தால் இடுப்பில் ஊக்கு தெரியும். இரண்டு சேனல்களில் இரண்டு வில்லன்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தை அழிக்கத் திட்டம் போட்டார்கள். இடது கைப்பிடியில் ரெக்ஸின் கிழிந்திருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன். இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றியதில், ஹீரோ வாயை மூடிய பிறகுதான் அவர் பேச்சு வந்து சேரும்.

இதையெல்லாம் நான் கேலி செய்துகொண்டிருந்த சமயத்தில்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள்.

முதலில் வந்தவர், நான் ராத்தா என்று கூப்பிடும் அடுத்த தெரு அக்கா. அவர் வீட்டுக்காரருக்கு துபாயில் வேலை. மகனுக்கு ஏழு வயது.

"மச்சான் போட்டோ கேட்டிருக்காங்க தங்கச்சி. புள்ள மின்னல் ஹீரோவா நிக்கணுமாம். வேற யாருக்கும் இதே மாதிரி தைச்சிடாத."

"சேச்சே, தைப்பேனா?" என்றேன்.

அதே வாரத்தில் இன்னும் ஏழு அம்மாக்கள் வந்தார்கள். ஆளுக்கொரு ஹீரோவைச் சொல்லி, வேறு யாருக்கும் அப்படித் தைக்கக் கூடாது என்று ஏழு பேரும் கேட்டார்கள். ஏழு பேருக்கும் சேச்சே சொன்னேன். ஒன்பதாவதாக, கடைசியில் வந்தவள் மீன்கூடையைப் படியில் இறக்கி வைத்தாள். துறைமுகத்தில் ஏலத்தில் எடுத்து நெரவிப் பக்கம் கொண்டுபோய் விற்பவள்.

"எம் புள்ள கழுகுங்கிறான், எனக்கு ஒண்ணும் புரியல. மத்த புள்ளைங்களுக்குத் தைக்கிற மாதிரியே தைச்சுடுக்கா" என்றாள்.

அவள் ஒருத்தியிடம்தான் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது ஹீரோக்களின் படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மார்பில் இருக்கும் சின்னத்தைத் தவிர வித்தியாசம் எதுவும் இல்லை. டிவிக்காரர்களே அவ்வளவுதான் செய்திருக்கும்போது நான் எதற்கு மெனக்கெட வேண்டும்? நீல சாட்டினை ஒன்பது அடுக்காக விரித்து, பெரிய கத்தரிக்கோலால் ஒரே வெட்டாக வெட்டினேன். சட்டை, அங்கி, காதுவரை மூடும் தொப்பி, மூக்குவரை மறைக்கும் முகமூடி. எல்லாம் ஒரே அச்சு. உயரத்துக்குத் தகுந்தாற்போல் கால் மட்டும் மடித்துக்கொள்ளலாம். சின்னங்களை மஞ்சள் துணியில் தனித்தனியாக வெட்டி வைத்தேன். போட்டிக்கு முதல் நாள் கரண்ட் போனது. மோட்டார் மிஷின் ஓடவில்லை. கையால் தைக்கப் பொறுமை இல்லாமல், ஒன்பது சின்னங்களையும் பசை போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துப் பந்தல் தகரக் கொட்டகை. காற்றே இல்லை. மேடைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சூரியன் உரிந்து விழுந்தது. பிறகு தேள். பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக. பிள்ளைகள் குனிந்து கைக்கு அகப்பட்டதை எடுத்து மார்பில் அறைந்துகொண்டார்கள். தலைமை விருந்தினர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒன்பது நீலப் பிள்ளைகள். "எல்லாருக்கும் முதல் பரிசு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

என் பக்கத்தில் இருந்த அம்மாக்கள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து வாசல் பக்கம் நடந்தேன்.

அங்கே ராத்தாவின் மகன் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தான். முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"உம்மா வேற பையனக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

ஸ்டூடியோக்காரர் சாப்பிடக் கிளம்பிவிடுவார் என்ற அவசரத்தில், ராத்தா மார்பில் மின்னல் இருந்த பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரி போட்டோ ஸ்டூடியோவுக்குப் போயிருந்தார். அந்த மின்னலைக் கீழேயிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டவன் மீன்காரியின் மகன். நான் ரோட்டைக் கடப்பதற்குள் அவர்களே திரும்பி வந்தார்கள். பையன் கையில் ரோஸ்மில்க். ராத்தா எங்களைப் பார்த்தார், தன் மகனைப் பார்த்தார், கையில் பிடித்திருந்தவனைப் பார்த்தார். முகமூடியைத் தூக்கினார்.

"அல்லாவே! ஏன்டா தம்பி, ஒங்கம்மா நான் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யாருன்னு சொல்லக் கூடாதுல்ல" என்றான் அவன் நிதானமாக. "சொன்னா சக்தி போயிடும்."

போட்டோ எடுத்தாகிவிட்டது. ஸ்டூடியோவில் ஷட்டர் இறங்கிவிட்டது. ராத்தாவின் மகனுக்குப் போட்டோ போனதைவிட ரோஸ்மில்க் போனதில்தான் ஆத்திரம். அவன் கோபத்தில் அங்கியைப் பிடித்து இழுத்ததில் தோளோடு கிழிந்தது.

"எல்லாத்துக்கும் ஒரே துணியா தங்கச்சி?" என்று ராத்தா கேட்டார்.

"டிவியிலயும் அப்படித்தான் ராத்தா."

அவர் என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாள் துபாய்க்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும், வேறு போட்டோ எடுக்க நேரமில்லை. "மூஞ்சிதான் மூடியிருக்கே, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். நானும் ஆமாம் போட்டேன். அந்தப் போட்டோ அப்படியே விமானம் ஏறியது.

பத்து நாள் கழித்து ராத்தா ஓடி வந்தார். போன் வந்ததாம்.

"புள்ளைக்குத் தோளு அப்படியே அவங்க வாப்பா தோளு மாதிரிங்கறாங்க மச்சான். ரூம்ல எல்லாருக்கும் காட்டுனாங்களாம். நான் என்னத்தச் சொல்ல?"

"ஆமான்னு சொல்லுங்க" என்றேன். இருவரும் மிஷின்மேல் சாய்ந்து சிரித்தோம்.

ஏழு மாதத்துக்குப் பிறகு ராத்தாவின் வீட்டுக்காரர் லீவில் வந்தார். மகனைப் பார்த்ததும் முதல் கேள்வி, "என்ன இப்படி எளச்சுப் போயிட்டான்? சோறு போடுறியா இல்லையா?" ராத்தா இரண்டு நாள் அந்தப் பழியைத் தாங்கிக்கொண்டார். கோழி, முட்டை, பால் என்று மகனுக்குத் திணிக்கச் சொன்னாராம். மூன்றாம் நாள் ராத்தா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அன்று மாலை இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் மிஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்தார்.

"ஏழு மாசமா இவனப் பாத்துட்டுத்தான் தூங்குனேன். ரூம்ல இருக்குற ஆறு பேரும் இவன் நல்லாருக்கணும்னு துவா செஞ்சிருக்காங்க. யாரு இவன்? நான் பாக்கணும்."

குரலில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க, புள்ளையக் காட்டுங்க" என்றார்.

மறுநாள் மீன்காரி மகனைக் கூட்டிக்கொண்டு ராத்தா வீட்டுக்கு வந்தாள். நானும் போனேன். ராத்தாவின் வீட்டுக்காரர் ஒரு டப்பா சாக்லேட்டை அவன் கையில் வைத்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். "எங்க வாப்பா தோளேதான்" என்றார். பையன் போட்டோவை வாங்கி உற்றுப் பார்த்தான்.

"நான் கழுகு. இதுல மின்னலு இருக்கு. தப்பு."

அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அப்புறம் தன் மகனையும் அவனையும் தோளோடு தோள் சேர்த்து நிறுத்தி, கொண்டுவந்திருந்த புது கேமராவில் எடுத்தார். இந்தத் தடவை முகமூடி இல்லை. லீவு முடிந்து போகும்போது அந்தப் படம்தான் அவர் பெட்டியில் போனது.

மீன்காரிக்குச் சாக்லேட்டைச் சும்மா வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. அடுத்த நாள் காலையில் நல்ல பெரிய இறாலாகப் பார்த்து ராத்தா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். ராத்தா தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்.

"எல்லாரையும் ஏமாத்துனவளுக்கு எதுக்கு இறாலு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டுக்கொண்டே பாதிக் கிண்ணத்தை அவரே காலி செய்தார்.