நாகப்பட்டினத்தில் அக்கரை தேடியது

நான் எப்பேர்ப்பட்ட மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் தண்ணீருக்கும் அக்கரை கண்ணுக்குத் தெரியும் என்று கல்யாணமாகும்வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். பள்ளிபாளையத்தில் காவிரிக்கரையில் நின்றால் எதிர்க்கரையில் ஈரோடு தெரிகிறது. கடற்கரையில் நின்றால் இலங்கை தெரியாமல் எங்கே போய்விடும்? பள்ளிக்கூடத்துச் சுவர்ப்படத்தில் இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல்கூட நுழையாது.

நேற்று திருச்செங்கோட்டுச் சந்தையில் கருவாட்டு வாசம் மூக்கில் ஏறியது. கூட வந்த என் மனைவி மூக்கைப் பொத்தவில்லை, சிரித்தாள். அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் போன தேனிலவின் வாசம் அது.

தேனிலவு என்றால், லாரியில். நான் லாரி ஆபீஸ் குமாஸ்தா. டிரைவரான என் தாய்மாமன் நாகப்பட்டினம் துறைமுகத்துக்குக் கடலைப் புண்ணாக்கு ஏற்றிப் போனார்; முன்சீட்டில் எங்களையும் ஏற்றிக்கொண்டார். வழி நெடுக நான் தூங்கினேன்; அவள் மாமனிடம் துறைமுகத்துக் கதைகளைக் கேட்டுக்கொண்டே வந்தாள். இறங்கும்போது என்னிடமும் புண்ணாக்கு மணம். தெருமாடுகள் என்னைத் தனி மரியாதையோடு பார்த்தன.

அவளுக்கு ஊர் காவிரிக்கரை ஜேடர்பாளையம். ஒரே அண்ணன், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். தங்கை கல்யாணத்துக்குக்கூட அவரால் வர முடியவில்லை. தாலி கட்டிய அன்று அவள் அழுததைப் பார்த்து, "அழுவாத புள்ள, உங்கண்ணன் இருக்கற ஊரையே காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். புது மாப்பிள்ளையின் முதல் வாக்கு. அதுவே பொய்த்தால் அப்புறம் ஆயுசுக்கும் என் பேச்சு வீட்டில் எடுபடுமா?

"பொழுது சாயறதுக்குள்ள வந்துருங்க சாமி. இல்லீனா புண்ணாக்கோட உங்களையும் இங்கயே எறக்கிப்போட்டுப் போயிருவேன்" என்றார் மாமன்.

கருவாடு காய்ந்துகொண்டிருந்த கடற்கரைக்கு ஓடினோம். அக்கரையைக் காணோம்.

"பனி மூடியிருக்குது புள்ள" என்றேன். உச்சி வெயில்.

"ஆமாங்க" என்றாள்.

உயரம் போதவில்லை என்று அடுத்து முடிவு கட்டினேன். திருச்செங்கோட்டு மலையில் ஏறினால் சங்ககிரி மலை தெரிகிறதல்லவா? ஊர் முழுக்க உயரம் தேடி நடந்தோம். டச்சுக்காரர் காலத்துச் சுவர்கள், சுங்க ஆபீஸ், கிடங்குகள், தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல் எல்லாவற்றையும் அவள்தான் பார்த்தாள். "கப்பலுக்கு எத்தன சன்னலுங்க!" என்று வாயைப் பிளந்தாள். நான் மாடிப்படிகளை மட்டும் பார்த்தேன். ஒரு சாப்பாட்டுக் கடை மொட்டைமாடியில், காய்ந்துகொண்டிருந்த பாவாடைகளை விலக்கி இலங்கையைத் தேடியதற்கு வாங்கிய வசவைப் பத்திரிகையில் எழுத முடியாது.

கடைசியில் கலங்கரை விளக்கம். காவல்காரரைக் கெஞ்சி மேலே ஏறி, மூச்சு வாங்க, "இலங்கை எதுங்க?" என்றேன்.

அவர் என்னையும் என் வேட்டியில் ஒட்டியிருந்த புண்ணாக்கையும் பார்த்தார். "அது இங்கேருந்தே தெரிஞ்சா, கப்பக்காரனுக்கு நான் எதுக்குய்யா வெளக்கு ஏத்தணும்?"

என் முகம் செத்துப்போயிற்று. அவளோ, "எந்தத் தெசைன்னாச்சும் சொல்லுங்க" என்றாள். அவர் கை காட்டினார். அவ்வளவுதான். காவிரியில் அக்கரைப் பரிசல்காரனைக் கூப்பிடுகிற மாதிரி வாயில் கையைக் குவித்து, "அண்ணோவ்! எனக்குக் கண்ணாலம் ஆயிருச்சு! நான் சொகமா இருக்கறேன்!" என்று ஒரு கூவல். கீழே வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். "யம்மா, வெளக்குக் கண்ணாடி!" என்று காவல்காரர் பதறினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சுகமாக இருக்கிறாளாம்! எனக்கு அங்கேயே இன்னும் நாலு படி ஏறலாம் போலிருந்தது.

அண்ணன் பல வருஷம் கழித்து மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார். அன்றைக்குக் கேட்டதா என்றேன். "அங்க எந்நேரமும் மழைச் சத்தமுங்க மாப்ள" என்று நழுவிவிட்டார். இன்று அவரும் இல்லை, மாமனும் லாரியும் இல்லை. நாகப்பட்டினத்துக்கு அந்த மாதிரிக் கப்பல் வருவதில்லை என்கிறார்கள். ஜேடர்பாளையத்தில் பரிசலுக்குக் கூவுகிற தொண்டைகளும் ஓய்ந்துவிட்டன.

கருவாட்டுக் கடை முன்னால் நின்று, இத்தனை காலம் கேட்கத் தோன்றாததைக் கேட்டேன்.

"ஏம்புள்ள, அங்கிருந்து இலங்கை தெரியாதுன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

"லாரியிலயேங்க."