மேனேஜருக்கு நான் கொடுத்த காகிதங்கள்

அடுத்தவர் பரீட்சையில் ஏன் தோற்றார் என்று உங்களுக்கு எதற்கு? வேறு வேலையே இல்லையா? சரி, கேட்டுவிட்டீர்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி ரேவதி, பனியன் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாள். நெட்வொர்க் டிசைன் பரீட்சையில் முதல் தடவை தோற்றாள். ஒரு கம்பெனியின் கதையை நாலு பக்கம் கொடுத்து, அதற்குப் பொருந்தும் டிசைன் எது என்று கேட்பார்களாம். அவளுடைய மேனேஜர் எல்லோர் முன்னாலும், "உங்கம்மாயி மாதிரி பீஸ் செக்கிங் போம்மா, டிசைன் உனக்கு வராது" என்றார். அந்த அம்மாயி நான்தான்; தைத்த துணியில் பழுது பார்ப்பது என் வேலை. அழுதுகொண்டே வந்தாள்.

அடுத்த முறை, துணியில் பழுது காட்ட நான் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்களை எடுத்துக்கொண்டாள். மாதிரிக் கதைகளில் முதலாளி எது வேண்டும், எது கூடாது என்று சொல்லும் வரிகளில் மட்டும் ஒட்டிப் படித்தாள். சாயப்பட்டறை ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது என்கிற மாதிரி வரிகள். பாஸாகிவிட்டாள்.

பிறகு அதே மேனேஜருக்கும் அந்தப் பரீட்சை வந்தது. ரேவதி இல்லாத நேரம் பார்த்து லட்டோடு வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, ரேவதி படிச்ச பேப்பரெல்லாம் கொஞ்சம் குடுங்க."

"உக்காருங்க சாமி, எடுத்தாறேன்."

உள்ளே போய் ஒவ்வொரு அம்பையும் பொறுமையாக உரித்தேன். வெறும் கதையைக் கையில் கொடுத்தேன்.

தோற்றார். மனசு உறுத்தியதா என்றால், லட்டு நன்றாகத்தான் இருந்தது. ரேவதியிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்தில் கேட்டபோது, "பாவமுங்க. கேட்டதும் சுத்தமாத்தான் குடுத்தனுங்க. படிக்கிறது அவரு பாடுதானுங்களே" என்றேன்.