பவுனு எடுத்த பகடை

பெப்பர்மின்ட் பாக்கெட்டுக்குள் வந்த அட்டையில் நண்டுக்கு ஆறு கால் போட்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் பவுனு. எனக்கு அப்போது பத்து வயது. வாரம் தவறாமல் நண்டு சாப்பிட்டு வளர்ந்தவன்தான் நானும். கால்களை எண்ணிப் பார்த்ததில்லை.

நாங்கள் மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர். தெருவில் பாதிப் பேருக்கு மீன் வாசனையே ஆகாது என்பதால் எங்கள் வீட்டுக்கு மீன் கொல்லை வழியாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நொச்சிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மாள் கூடையோடு வருவார். என் அம்மாவோடு பேரம் படிந்ததும், குழாயடியில் உட்கார்ந்து மீனை ஆய்ந்து கழுவிக் கொடுத்துவிட்டுப் போவார். அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். அவருடன் வரும் மகள்தான் பவுனு. என் வயதுதான் இருக்கும். அந்த அரை மணி நேரம் அவளுக்கு வேலை இல்லை. எனக்கும் இல்லை.

அந்த அட்டை ஆட்டம் அந்த வருடம்தான் புதிதாக வந்தது. ஏதோ ஒரு சின்ன மிட்டாய்க் கம்பெனி, பாக்கெட்டுக்கு ஒரு படம் என்று அட்டை வைத்து விற்க ஆரம்பித்தது. மொத்தம் இருபத்து நான்கு கடல் பிராணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை ஓர் எண். ஐந்து காலி உறைகளைக் கடையில் கொடுத்தால் வெள்ளைப் பகடை ஒன்று தருவார்கள். அட்டையின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் விதிகள் இருக்கும். ஆளுக்கோர் அட்டையை வைத்துப் பகடையை உருட்ட வேண்டும்; அட்டையின் எண்ணோடு பகடையில் விழுந்ததைக் கூட்டினால் யாருக்கு அதிகமோ அவர் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொள்ளலாம். இருபத்து நான்கையும் சேர்த்துத் தபாலில் அனுப்பினால் ஒரு கைக்கடிகாரம்.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துப்போயிற்று. அட்டையெல்லாம் பெப்பர்மின்ட் வாசனை. உறையைக் கிழிக்கும் வரை உள்ளே என்ன என்று தெரியாது. பவுனுவுக்கு அப்படி எடுத்த எடுப்பில் பிடித்துவிடவில்லை. துவைக்கிற கல்லில் நான் பரப்பிவைத்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"நண்டுக்கு எட்டு காலு, ரெண்டு கொடுக்கு. இத்த வரைஞ்சவன் நண்டே துன்னதில்ல" என்றாள். பிறகு சுறாவை எடுத்தாள். "இதுக்கு இன்னாடா கண்ணுல மை வெச்சிகீறான்? கல்யாணத்துக்குப் போவுதா?"

திருக்கைக்கு இரண்டு என்று போட்டிருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவே இல்லை. திருக்கையின் வால் பட்டு அவளுடைய நைனா மூன்று நாள் படுத்துக்கிடந்தாராம். குழாயடியிலிருந்து அவள் அம்மா, வீட்டுக்காரப் பிள்ளையை டா போடாதே என்று அதட்டினார். இரண்டு நிமிடம் எனக்கு 'நீங்க' கிடைத்தது. ஆட்டம் தொடங்கியதும் பழையபடி டா ஆகிவிட்டேன்.

இவ்வளவு குறை சொன்னவள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாவாடை இடுப்பு மடிப்பிலிருந்து சொந்தமாக நான்கு அட்டைகளை எடுத்து வைத்தாள். அதற்கடுத்த வாரம் எட்டு. உறைகளைத் தூக்கிப்போட்டுவிட்டதால் பகடை அவளிடம் இல்லை. என்னிடம் இரண்டு இருந்ததால் ஆளுக்கொன்றாக வைத்து ஆடினோம். தோற்றால் சிரிப்பாள், ஜெயித்தால் என்னை ஒரு வழி பண்ணிவிடுவாள். வாரம் முழுவதும் நான் அந்த அரை மணி நேரத்துக்காகக் காத்திருந்தேன் என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது கைக்கடிகாரத்துக்காகக் காத்திருந்ததாகத்தான் எனக்கு எண்ணம்.

இரண்டு மாதத்தில் என்னிடம் இருபத்து மூன்று வகையும் சேர்ந்துவிட்டன. மிச்சம் கடல்குதிரை. அதன் எண் ஒன்று, ஆட்டத்துக்கு உதவாத அட்டை. ஆனால் எந்த பாக்கெட்டிலும் வருவதில்லை. அது பவுனுவிடம் இருந்தது. அவள் அதைப் பந்தயத்தில் வைக்க மாட்டாள். பத்து அட்டை தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன், மசியவில்லை. நிஜக் கடல்குதிரை வலையில் மாட்டினால் வாலை நூலில் சுற்றிக்கொள்ளுமாம். பெரியவர்கள் இழுத்தால் அறுந்துவிடும், அவளைத்தான் கூப்பிடுவார்களாம், அவள் விரல்தான் சின்னது. பிரித்தெடுத்து அவளே திருப்பித் தண்ணீரில் விடுவாளாம்.

"மத்ததெல்லாம் எத்துக்கோ. அத்த கேக்காத" என்றாள்.

எங்கள் வீட்டில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. கடிகார ரிப்பேர் கற்றுக்கொள்ள ஊரிலிருந்து வந்தவர். கை சும்மா இருக்காது. ஒருநாள் என் பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்று இருக்கிற பக்கத்தில் துளை போட்டுக் கொஞ்சம் ஈயம் வைத்தால் அந்தப் பக்கம் அடியில் போய்விடும், ஆறு மேலே வரும் என்றார். ஈயத்துக்கு எங்கே போவது? பவுனுவிடம் கேட்டேன். வலையின் அடிக்கயிற்றில் ஈயக் குண்டு கட்டுவது அவர்கள் வீட்டில் அவள் வேலை. அடுத்த வாரம் இரண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். எதற்கு என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்றேன்.

மாமா கடிகார ஊசியால் பொறுமையாகக் குடைந்து, ஈயத்தை வைத்து, மெழுகால் அடைத்து, அதன் மேல் கருப்பு மை தொட்டுவைத்தார். கூர்ந்து பார்த்தால்தான் அந்தப் புள்ளி கொஞ்சம் பெரிதாக இருப்பது தெரியும். பத்து முறை உருட்டினால் ஏழெட்டு முறை ஆறு. எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"இது வித்த காட்டதுக்குத்தாம்லே. இத வச்சு ஆடப்படாது, கேட்டியா?" என்றார்.

கேட்டேன். தலையையும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று வஞ்சிரம், வெட்ட நேரமாகும். நான் என் நெத்திலி அட்டையைக் கல்லின் மேல் வைத்தேன். அதற்கும் எண் ஒன்றுதான். உன் கடல்குதிரையை வை, சரிக்குச் சரி, பகடைதான் முடிவு செய்யும். நீ ஜெயித்தால் என்னிடம் இருப்பதில் பத்து அட்டையை நீயே பொறுக்கிக்கொள் என்றேன். பவுனு என்னை வெகுநேரம் பார்த்தாள். என் குரலில் ஏதாவது தெரிந்ததோ என்னவோ.

"அது கெடைக்கலன்னா ஆடமாட்டியா?" என்று கேட்டாள்.

ஆடமாட்டேன் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவள் மடிப்பிலிருந்து கடல்குதிரையை எடுத்து நெத்திலிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பகடைகளும் கல்லின் மேல் இருந்தன. நான் கை நீட்டுவதற்குள், "நான் மொதல்ல" என்று அவள் ஒன்றை எடுத்துவிட்டாள். எடுத்தது ஈயப் பகடை.

அவள் அதை உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். மறு கைக்கு மாற்றினாள். இன்னொரு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதை எனக்கு முன்னால் வைத்துவிட்டு மற்ற பகடையை எடுத்து உருட்டினாள்.

ஐந்து விழுந்தது.

நான் உருட்டினேன். ஆறு.

"சரி, எத்துக்கோ" என்றாள் பவுனு. அட்டையைத் தன் பாவாடையில் ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தாள். "கெட்டியா வெச்சிக்கோ. அழுக்காக்காத."

தப்பித்தேன் என்று நினைத்தேன். கையில் எடுத்தும் அவளுக்குத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்தும் கொண்டேன். மறுநாளே இருபத்து நான்கு அட்டைகளையும் உறையில் போட்டு அனுப்பினேன். மிச்சமிருந்த இரட்டை அட்டைகளைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பவுனு கொல்லைக் கதவைத் தாண்டும்போதே கையை நீட்டிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பகடை. ஐந்து உறை சேர்த்துவிட்டாள். மூன்று புது அட்டைகளும் கொண்டுவந்திருந்தாள்.

"பாத்தியா, என் கட்ட. இனிமே உன்னுது வோணாம்."

அட்டையெல்லாம் அனுப்பியாயிற்று, ஆட்டம் முடிந்துவிட்டது என்றேன். அவள் கல்லின் மேல் உட்கார்ந்து, தனியாகவே அந்தப் பகடையை இரண்டு மூன்று முறை உருட்டினாள். கடல்குதிரையைத் திரும்ப ஜெயிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் வீட்டுக்குள் போய்விட்டேன். அதற்கப்புறம் அவள் அம்மா மட்டுமே வந்தார். கேட்டதற்கு, வலை வேலை கிடக்கிறது என்றார். கைக்கடிகாரம் ஒரு மாதம் கழித்து வந்தது. முள் இரண்டும் பத்து பத்து என்று காட்டும்படி வரையப்பட்டிருந்தன. மாமா அதைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. என் ஈயப் பகடையை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு கடையும் வீடும் மேற்கு மாம்பலத்துக்கு மாறின. நான் படித்துக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். நிகழ்தகவுப் பாடத்தில் பகடை வரும். 'பகடை நேர்மையானது என்று கொள்க' என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதினேன். ஒவ்வொரு முறையும் கை ஒரு கணம் நிற்கும். மாணவர்களுக்கு அது தெரியாது. ஒரு சிறுமியை ஏமாற்றினேன் என்பதுதான் அறுபது வருடத்துக்கும் மேலாக என் வருத்தம். அந்த வருத்தத்தையே நான் தவறாகப் பட்டுக்கொண்டிருந்தேன் என்பது போன மாதம்தான் தெரிந்தது.

போன மாதம், கோட்டூர்புரத்தில் மகள் வீட்டில், பேத்தி புது ஆட்டம் ஒன்றைப் பிரித்தாள். அதிலும் அட்டைகள், அதிலும் பகடைகள். உறைகள் பளபளவென்று இருந்தன. உள்ளே என்ன என்று தெரியாது, தனித்தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். பகடைகள் கண்ணாடிபோல் நிறம் நிறமாக, புள்ளிக்குப் பதில் வாளும் கேடயமுமாக இருந்தன. அட்டைகளில் எந்தக் கடலிலும் இல்லாத பிராணிகள். கால்களை எண்ணினேன், சரியா தவறா என்று சொல்ல ஆள் இல்லை. பேத்தி விதிகளைப் படித்துச் சொல்ல, எனக்குப் பாதி புரிந்தது. ஆனாலும் மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தேன்.

"எப்படி தாத்தா இருக்கு கேம்?" என்று கேட்டாள்.

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்பச் சுலபம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிவப்புப் பகடையில்தான் வாள் அதிகம், அதை ஒவ்வொரு முறையும் என் பக்கம் தள்ளிவிட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"தோத்தா நீங்க பேப்பரை எடுத்துக்கிட்டு எழுந்து போயிடுவீங்க. அப்புறம் நான் யார்கூட ஆடறது?"

நான் சிவப்புப் பகடையை உள்ளங்கையில் வைத்து, அன்று பவுனு செய்ததுபோல் லேசாகத் தூக்கிப் போட்டுப் பிடித்தேன்.

இந்த வாரம் நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், பவுனு என்று என் வயதில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"நாலு பவுனு கீது. உனுக்கு எந்தப் பவுனு வோணும், பெருசு?"

சின்ன வயதில் வலைக்கு ஈயம் கட்டியவர், கையில் தூக்கியே எடை சொல்லிவிடுவார் என்றேன்.

"நாலு பேரும் அப்டித்தான். மீன் வாங்குறியா இல்லியா?" என்றார். வாங்கினேன். மீனை ஆய்ந்து கையில் கொடுக்கும்போது அவருக்கே மனம் இளகியிருக்க வேண்டும். "ஞாயித்துக்கெழம காலைல வா. நாலு பேரையும் இட்டாந்து நிறுத்துறேன், நீயே பாத்துக்கோ."

நாளை ஞாயிற்றுக்கிழமை. பேத்தியும் வருகிறேன் என்கிறாள். அட்டைக்கட்டு அவள் பையில், ஒரே நிறத்தில் இரண்டு பகடைகள் என் சட்டைப்பையில். இரண்டையும் உள்ளங்கையில் தூக்கிப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரே எடைதான். நான்கு பவுனுகளில் அவள் இல்லாமலும் போகலாம். இருந்தால், மன்னிப்பெல்லாம் அப்புறம், முதலில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்றிருக்கிறேன். சொந்தப் பகடையும் மூன்று அட்டைகளுமாக அவள் கொல்லைக் கதவைத் தாண்டி ஓடிவந்தது கடல்குதிரைக்காக அல்ல, என்னோடு ஆடுவதற்காக. வீட்டுக்குள் போய்விட்ட அந்தப் பையனுக்கு அது புரியவில்லை.