எதிர்வீட்டுக் கோலத்தின் மேல் ஒரு ட்ரோன்

போன வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, எதிர் ஃப்ளாட் ராமநாதன் மாமா கையும் ஜாங்கிரியுமாகப் பிடிபட்டார்.

பிடித்தது நானில்லை. என் ட்ரோன்.

நான் அனுப்பவில்லை. அது தானாகத்தான் போனது. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். என் பிறந்தநாளுக்கு, பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு குட்டி கேமரா ட்ரோன் அனுப்பியிருந்தாள். உள்ளங்கையில் அடங்கும் சைஸ். பறந்தாலே வீடியோவும் எடுத்துக்கொள்ளும். “எப்பப் பார்த்தாலும் உட்கார்ந்து எழுதிட்டே இருக்கீங்கப்பா. கொஞ்சம் விளையாடுங்க” என்று சீட்டு வேறு. வெளியே பறக்கவிடலாம் என்றால், நகரத்துக்குள் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று படித்ததிலேயே தலை சுற்றிவிட்டது. வம்பே வேண்டாம். நம் மந்தைவெளி ஃப்ளாட்டின் ஹாலே போதும் என்று முடிவு செய்தேன்.

பறந்தது. மார்பு உயரத்துக்கு ஏறி, அழகாக நின்றது. மூன்றே நொடி. அப்புறம் மெல்ல... மெல்ல... இடப்பக்கமாக நழுவ ஆரம்பித்தது. ரிமோட்டில் என் விரலே படவில்லை!

முதல் நாள் திரைச்சீலையில் முட்டியது. இரண்டாம் நாள் ஃபிரிட்ஜில். மூன்றாம் நாள், கணக்கு டீச்சரான என் மனைவி ஸ்டெல்லா திருத்தி அடுக்கியிருந்த பரீட்சைத் தாள்கள் ஹால் முழுக்கப் பறந்தன.

“ஏங்க, அதை நீங்க அடக்குறீங்களா, இல்ல நான் துடைப்பத்தை எடுக்கட்டுமா?”

அடக்கப் பார்த்தேன். ஃபேனை நிறுத்தினேன். இறக்கை லேசாக வளைந்திருந்தாலே ஒரு பக்கம் இழுக்கும் என்றது இணையம். நான்கையும் கழற்றிப் புதிது மாட்டினேன். சமமான இடத்தில் வைத்து ‘காலிப்ரேஷன்’ செய் என்றது. அதாவது, எது நேர், எது சாய்வு என்று அதற்குப் பாடம் எடுப்பது. சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பாடம் எடுத்தேன். மேஜையே சாய்வு என்பது அப்புறம்தான் தெரிந்தது. இத்தனை வருடமாகத் தட்டில் ரசம் ஏன் ஒரே பக்கமாக ஓடியது என்று நாங்கள் யோசித்ததே இல்லை! மேஜையை விட்டுத் தரையில் வைத்து மறுபடி பாடம். ம்ஹூம்... அதே இடப்பக்கம்.

வெள்ளிக்கிழமை காலையும் அதே ஒத்திகைதான். பால் பாக்கெட் எடுக்க ஸ்டெல்லா வாசல் கதவைத் திறந்தாள். கதவு எந்தப் பக்கம்? ஹாலுக்கு இடப்பக்கம்! ட்ரோன் அவள் தோளை உரசாமல், மரியாதையாக வெளியே போனது. காரிடாரைக் கடந்தது. எதிர் ஃப்ளாட் வாசலுக்கு நேரே போய்... நின்றது.

ஆடவில்லை. அசையவில்லை. ஒரு வாரமாக நான் கெஞ்சியும் நிற்காத சனியன், அங்கே போய் ஆணி அடித்தது போல் நின்றது.

பதறிப்போய்த் தப்பான குச்சியைத் தள்ளினேன். அது திரும்பி வரவில்லை. முகத்தை மட்டும் திருப்பி, திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்குள் பார்த்தது. உள்ளே செருப்பு அலமாரிப் பக்கத்தில் ராமநாதன் மாமா. ஒரு கையில் டப்பா. மறு கையில் பாதி ஜாங்கிரி. மீதிப் பாதி வாயில்.

மாமாவுக்குச் சர்க்கரை. அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. மூன்று மாதமாக இறங்க மறுக்கிறது. கால் விரல்கள் மரத்துப்போகின்றன. அடுத்த ரிப்போர்ட்டிலும் இதே கதை என்றால் இன்சுலின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமி அரிசியைக் குறைத்தார், கிழங்கை நிறுத்தினார், எண்ணெயை மாற்றினார். “என் சமையல்லதான் ஏதோ கோளாறு, ஸ்டெல்லா” என்று எங்கள் வீட்டில் வந்து கண் கலங்கினார். கோளாறு செருப்பு அலமாரியில் இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மாமா ட்ரோனைப் பார்த்தார். ட்ரோன் மாமாவைப் பார்த்தது. நான் ஓடிப்போய் அதைக் கையால் பிடித்து இழுத்து வருவதற்குள் அரை நிமிஷம் ஓடிவிட்டது.

மாமா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சீறினார். “என்ன அக்கிரமம் சார் இது? ஆத்துக்குள்ள எட்டிப் பாத்துப் படம் பிடிக்கறேளா?”

“இல்ல மாமா, அது தானா நழுவி...”

“தானா நழுவி வந்து என் மூஞ்சியைப் பாத்துண்டு நிக்குமா? நான் என்ன கொழந்தையா? சண்டே மீட்டிங்ல வெச்சுக்கறேன்!”

மறந்துவிட்டேனே... எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர்தான். அன்று மத்தியானமே வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. ‘ஞாயிறு மாலை அவசரக் கூட்டம். பொருள்: ட்ரோன்.’ பதினெட்டு வருட நட்பு. மகளின் கல்யாணத்தில் பந்தி விசாரித்த மனுஷன். நான் வேவு பார்த்தேன் என்று நினைக்கிறாரே என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை ட்ரோனைப் பையில் போட்டுக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் போனேன். அங்கே கரீம் பாய் என்று ஒருவர் இந்த மாதிரிப் பறக்கும் வஸ்துகளை ரிப்பேர் பார்க்கிறார். வாங்கினார், திருப்பிப் பார்த்தார், கடைக்கு நடுவில் பறக்கவிட்டார்.

நின்றது. கல் மாதிரி நின்றது! என் மானத்தை வாங்குவதற்கென்றே பிறந்த ஜென்மம்.

“இன்னா சார், நல்லாத்தானே நின்னுகினு கீது?”

“எங்க வீட்டுல நிக்க மாட்டேங்குது பாய்.”

“உங்கூட்டுத் தரை எப்டி கீது?”

“கிரானைட். போன வருஷம்தான் பாலிஷ் போட்டோம். குனிஞ்சா முகம் தெரியும்.”

பாய் சிரித்துவிட்டார். “அப்பால எப்டி சார் நிக்கும்? இதுக்கு வவுத்துல ஒரு கண்ணு கீது, பாரு. கீழ இருக்கிற கறை, கோடு, புள்ளி... இன்னாத்தையாச்சும் பாத்து வெச்சிக்கினுதான் அது ஒரே எடத்துல நிக்கும். உங்கூட்டுல ஒரு கறை கூட இல்ல. பாவம், அது எதைப் பாக்கும்?”

கடைத் தரையைப் பார்த்தேன். கிரீஸ் கறை, பெயின்ட் சொட்டு, சிமென்ட் விரிசல்... உலக வரைபடமே இருந்தது.

வழுவழுவென்று குறையே இல்லாத இடத்தில் யாருக்கும் கால் பாவாது போலிருக்கிறது. ட்ரோனுக்கே அப்படி என்றால் மனுஷனுக்கு? பத்திய உணவு, பத்திய காபி, பத்திய வாழ்க்கை என்று வீடு முழுக்கப் பாலிஷ் போட்டு வைத்தால், ஒரு மனுஷன் செருப்பு அலமாரிப் பக்கம் நழுவாமல் என்ன செய்வான்? (ஸ்டெல்லா, இது பொதுவான கருத்து. நம் வீட்டைச் சொல்லவில்லை.)

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவின் பூப்போட்ட பெட்ஷீட்டை ஹாலில் விரித்தேன். ட்ரோன் நின்றது! பெட்ஷீட்டை உருவினேன். நழுவியது! மறுபடி விரித்தேன். நின்றது! அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெள்ளிக்கிழமை என்பதால் மாமி வாசலில் மாவைக் கரைத்து இழைக்கோலம் போட்டிருந்தார். கறுப்புக் கிரானைட்டில் வெள்ளைக் கோலம். ட்ரோன் கண்ணுக்கு ஒரு வாரமாகக் கிடைக்காத விருந்து!

ஞாயிறு மத்தியானம், கூட்டத்துக்கு முன்னால் மாமாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். பெட்ஷீட் வித்தையைக் காட்டினேன். பாதி நம்பினார். “அந்த வீடியோவையும் பாருங்க. அது எப்படி நழுவி வந்துதுன்னு அதுலயே தெரியும். உங்க கண் முன்னாடியே அழிச்சுடறேன்” என்று டிவியில் ஓடவிட்டேன்.

எங்கள் ஹால் நகர்கிறது. கதவு நகர்கிறது. காரிடார். திடீரென்று எல்லாம் நிற்கிறது. கேமரா திரும்புகிறது. மாமா, டப்பா, ஜாங்கிரி.

“சரி, சரி... அழிச்சுடும்” என்றவர், சட்டென்று நாற்காலியின் நுனிக்கு வந்தார். “ஓய்... நிறுத்தும்! பின்னாடி யாரு அது?”

போனில் பார்த்தபோது எனக்கே தெரியவில்லை. டிவியில் பளிச்சென்று தெரிந்தது. மாமாவின் முதுகுக்குப் பின்னால், சமையலறை வாசலில், சத்தம் கேட்டு வெளியே வந்த மாமி. மாமாவைப் பார்க்கிறார். ஜாங்கிரியைப் பார்க்கிறார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறார்.

அழுகிறாரா, சிரிக்கிறாரா? தெரியவில்லை.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. “ஒரு வார்த்தை கேக்கலையே சார் அவ... வெள்ளிக்கிழமை பாவக்கா கறி. நேத்து பாவக்கா பிட்லை. இன்னிக்குப் பாவக்கா பச்சடி. நான் வேற, பேஷ் பேஷ்னு சாப்பிட்டேன்...”

பிறகு எழுந்து நேரே எதிர்வீட்டுக்குப் போனார். செருப்பு அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. டப்பாவை மாமி கையில் கொடுத்து, “தப்புதான்டி” என்று அவர் சொன்னது எங்கள் ஹால் வரை கேட்டது. கதவைச் சாத்தலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

மாமியின் குரல் உடைந்திருந்தது. “மூணு மாசமா என் கையிலதான் ஏதோ தோஷம்னு ராத்திரி தூங்காம கெடந்தேன். அன்னிக்கு உங்க கையில அதைப் பாத்ததும் அப்பாடான்னு ஆச்சு. சிரிப்பு வந்துடுத்து. அப்பறம் உள்ள போய் அழுதேன்.”

கூட்டம் நடந்தது. ட்ரோன் விஷயம் ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ கைவிடப்படுவதாக மாமாவே அறிவித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பிரச்சினைக்குத் தாவிவிட்டார். காரணத்தை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது தினமும் காலையில் மாமா, மாமி இருவரும் சேர்ந்து நாகேஸ்வரராவ் பூங்காவில் நடக்கிறார்கள். ரிப்போர்ட் அடுத்த வாரம்.

நேற்று லிஃப்டில் மாமியைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“மறுபடி அனுப்பறதா இருந்தா முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்கோ. அன்னிக்கு நைட்டியில நின்னுண்டிருந்தேன்!”