சொல்லாமல் காத்த வீடு

ஆர்லீத்தா கெய்ன்ஸ் தன் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் ஒருமுறையேனும் அழைத்தவள் அல்லள். மாதப் பிறப்பில் அவரே வந்து படியில் நிற்பார். வாடகையைப் பெற்றுக்கொண்டு, "எல்லாம் சரியா இருக்கா, மிசஸ் கெய்ன்ஸ்?" என்று கேட்பார். "கர்த்தர் கிருபையில ஒரு குறையும் இல்லை" என்பாள். அவ்வேளையில் அடுக்களைக் கூரையில் ஈரம் படர்ந்திருக்கும். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். அது இருவருக்கும் தெரியும். கேட்பது அவருடைய மரியாதை. மறைப்பது அவளுடைய மரியாதை. ஆண்டுகள் பல உருண்டும் அந்த வீட்டின் வாடகை ஏறாதிருந்ததற்கு இவ்விரண்டு மரியாதைகளே காரணம்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில், கிழக்குப் பகுதியில், எங்கள் திருச்சபைக்கு அடுத்த தெருவில் இருக்கிறது அந்த மரவீடு. மேலே ஒரு போர்ஷன், கீழே ஒரு போர்ஷன், அதற்கும் அடியில் நிலவறை. மேல்போர்ஷன் ஆர்லீத்தாவுடையது. முதியோர் இல்லத்துச் சலவையறையில் விரிப்புகளை மடித்து மடித்து அவள் விரல் மூட்டுகள் முறுகிப்போனபின் அரசின் உதவித்தொகை வந்தது. அதில் பெரும்பங்கை வாடகை விழுங்கும். எஞ்சியதில்தான் எரிவாயு, விளக்கு, அவரை, சோளமாவு எல்லாம். அதனினும் குறைந்த வாடகைக்கு அந்நகரில் ஓர் உறையுள் இல்லை. அரசு வாடகை வீடுகளுக்கான வரிசையில் பெயர் கொடுத்து நரைத்தவர்கள் எங்கள் சபையிலேயே பலர். அவளும் கொடுத்திருந்தாள். பிறகு வரிசையையே மூடிவிட்டார்கள்.

முன்பு வேறொரு தெருவில் குடியிருந்தபோது அவள் ஒருமுறை வாய்திறந்ததுண்டு. கூரை பெயர்ந்து கட்டிலில் விழுகிறது என்று சொன்னாள். அந்த வீட்டுக்காரன் கூரையைச் செப்பனிட்டான். செப்பனிட்ட வீட்டுக்குரிய வாடகையைக் கேட்டான். அந்தக் குளிர்காலத்தை அவள் உறவினர் வீட்டுச் சோபாவில் பாதியும், வீடற்ற பெண்களுக்கான விடுதியில் பாதியுமாகக் கழித்தாள். "சொன்னா சரி பண்ணுவான், சரி பண்ணினா ஏத்துவான்" என்பது, வேதத்துக்கு அடுத்தபடியாக அவள் நம்பிய வாக்கியம்.

ஆகவே எல்லாவற்றையும் தானே செய்யக் கற்றுக்கொண்டாள். குறிப்பாக, குளிரை அடைப்பதில் அவளுக்கு நிகர் அவளே. ஐப்பசி முடியுமுன் எல்லாச் சன்னல்களிலும் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டிவிடுவாள். கதவிடுக்கில் துணி திணிப்பாள். அவ்வாண்டு ஊரையொட்டிய பெரிய ஏரியிலிருந்து வாடை முன்னதாகவே வீசத் தொடங்கியது. நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலைக்குப் பின்னால், சுவரில் கம்பிவலை போட்ட ஒரு துளை இருந்தது. அதன் வழியே காற்று சீழ்க்கையடித்துக்கொண்டு புகுந்தது. பழைய துண்டுகளைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் தாளை வைத்து, நாற்புறமும் டேப் ஒட்டினாள்.

"இத்தனை வருஷமா அந்த ஓட்டை வழியா ஏரியைச் சூடாக்கிட்டிருந்தோம்" என்று கீழ்போர்ஷன் லட்ரீஸிடம் பெருமையோடு சொன்னாள்.

"உங்களை விட்டா என் மூக்கையும் டேப் போட்டு ஒட்டிடுவீங்க, மிஸ் ஆர்லீத்தா."

"மூக்கு கிடக்கட்டும். உன் வாயைத்தான் மொதல்ல ஒட்டணும்."

லட்ரீஸ் டோனட் கடையில் வேலைசெய்கிறவள்; இளம்பெண். மகள் இமானிக்குப் பள்ளி செல்லும் வயது இன்னும் ஆகவில்லை. இந்த வீட்டுக்கு வருமுன் தாயும் மகளும் தங்கள் காரிலேயே உறங்கியவர்கள். அந்தக் காரை விற்றுத்தான் முன்பணம் கட்டியிருந்தார்கள். குடிவந்த அன்றே ஆர்லீத்தா அவளுக்கு உபதேசித்தாள்: "எது உடைஞ்சாலும் என்கிட்ட வா. அவர்கிட்ட வாயைத் திறக்காதே."

துளையை அடைத்தபின் கீழ்வீட்டில் நோய் புகுந்தது. லட்ரீஸுக்கு ஓயாத தலைவலி. குழந்தை உண்டதை வாந்தியெடுத்தது. விளையாட்டை மறந்து சுருண்டு கிடந்தது. ஊரெங்கும் விஷக்காய்ச்சல், இதுவும் அதுவே என்று எண்ணினார்கள். தனக்கும் தலை கனத்தபோது ஆர்லீத்தா இரத்த அழுத்தத்தைக் குறைகூறினாள்.

சபை ஆண்டுவிழா ஞாயிறன்று காலை முதல் மாலை வரை அனைவரும் ஆலயத்தில் இருந்தோம். இமானி நீள்பலகைகளுக்கு அடியில் தவழ்ந்து எல்லாருடைய காலணி முடிச்சுகளையும் அவிழ்த்தாள். லட்ரீஸ் இருமுறை தட்டை நீட்டிக் கோழியும் கீரையும் வாங்கி உண்டாள். மறுநாள் நண்பகலில் ஆர்லீத்தா கீழே எட்டிப் பார்த்தபோது, அந்தக் குழந்தை மறுபடியும் வாடிய கொடியாய்க் கிடந்தது.

ஆலயத்தில் ஓடிய பிள்ளை வீட்டில் துவள்வது ஏன்? இந்தக் கேள்வி எழுந்ததும் அவள் கால்கள் தாமே நிலவறைக்கு இறங்கின. நீலமாக எரியவேண்டிய சுடர் மஞ்சளாய் நீண்டு எரிந்தது. உலையின் வாயெங்கும் கரி. அவள் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் உள்நோக்கி விம்மி, பறைத்தோல் போல இறுகியிருந்தது. மூச்சுக்கு ஏங்கும் உயிரொன்று அதை உறிஞ்சிக்கொண்டிருந்தாற்போல் இருந்தது. அவள் அதைக் கிழித்தெறிந்தாள், உலையை நிறுத்தினாள், தாயையும் மகளையும் கோட்டு போர்த்தி முன்தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தாள், நடந்ததைச் சொன்னாள்.

"பிச்சுட்டீங்கல்ல? அப்ப சரியாயிடும். உள்ள போலாம்" என்றாள் லட்ரீஸ்.

"இன்னும் என்ன கெட்டிருக்கோ, யார் கண்டா? கேஸ் கம்பெனிக்காரன் வந்து பார்க்கட்டும்."

"வேண்டாம்! அவன் வந்தா உலையைப் பூட்டுவான். பின்னாடியே முனிசிபாலிட்டிக்காரன் வருவான். சூடில்லாத வீட்டுல பிள்ளையை வெச்சிருக்காள்னு எழுதுவான். கவர்மெண்ட் ஆளுங்க என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, மிஸ் ஆர்லீத்தா. வாயைத் திறக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

 அந்தப் பெண் அஞ்சியதையே ஆர்லீத்தாவும் அஞ்சினாள். அழைத்தால் வீடு போகும். போனால் அவள் தொகைக்கு வேறொரு வீடு இவ்வூரில் இல்லை. குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள்.

"ஏய் இமானி, என் ஷூ முடிச்சை அவுத்தது யாரு?"

குழந்தை ஒரு கண்ணைத் திறந்து, அவளை அடையாளம் காணாமலே மூடிக்கொண்டது. ஆர்லீத்தா தொலைபேசியை எடுத்தாள்.

வந்த கேஸ் கம்பெனிக்காரர் கையில், விஷவாயுவைக் காட்டிக்கொடுக்கும் கருவி வாசற்படியிலேயே அலறியது. தாயையும் மகளையும் ஆம்புலன்ஸில் அனுப்பிவைத்தார். மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்தார்கள். மாலைக்குள் குழந்தை பழச்சாறு கேட்டது. இங்கே நிலவறையில் கேஸ் கம்பெனிக்காரர் கிழிந்த தாளைத் தூக்கிக் காட்டினார்.

"யாரும்மா இதை அடைச்சது?"

"நான்தான்."

"உலை மூச்சுவிடற வழி இது. அடைச்சா விஷவாயுவைத்தான் கக்கும்."

"இப்பத்தான் தெரிஞ்சுது, ஐயா."

"இதைப் பிச்சாலும் போதாது. புகைக்குழாயைப் பாருங்க, துருவேறி ஓட்டை ஓட்டையா கிடக்கு. பல வருஷத்துத் துரு. வீட்டுக்காரர்கிட்ட யாருமே சொல்லலையா?"

அவள் தலைகுனிந்தாள். அவர் உலையை இனி மூட்டக் கூடாது என்ற சிவப்புச் சீட்டை அதில் கட்டினார். மறுநாள் கதவில் முனிசிபாலிட்டியின் அறிவிப்பு ஒட்டப்பட்டது: இங்கே குடியிருத்தல் ஆகாது.

போதகர் எங்கள் சபையின் கீழ்க்கூடத்தில் மடக்குக் கட்டில்கள் போடச் செய்தார். பிள்ளையை யாரும் கொண்டுபோகவில்லை. ஆயினும் லட்ரீஸ் தன் கட்டிலை ஆர்லீத்தாவின் கட்டிலிலிருந்து வெகுதூரம் இழுத்துப்போட்டாள். முதல் நாள் ஒரே ஒருமுறை பேசினாள்: "நல்லா காப்பாத்தினீங்க, தாயே. முன்னேயாவது ஒரு கார் இருந்துச்சு."

அந்த வாரமே வீட்டுக்காரர் மிஸ்டர் ஸ்டாசியக் எங்கள் கூடத்துக்கு வந்தார். முதியவர், மூச்சிரைப்பவர், அந்த ஒரு வீட்டையே நம்பி வாழ்கிறவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மாசாமாசம் கேட்டேனே, மிசஸ் கெய்ன்ஸ். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வாடகை அப்படியே இருந்திருக்குமா?"

அவர் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"இருந்திருக்காது. நானும் உள்ளே வந்து பார்த்ததில்லை. பார்த்தா செலவு."

"இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"புது உலை வைக்கணும், குழாய் மாத்தணும். அதுக்கப்புறம் பழைய வாடகைக்கு விட்டா எனக்குக் கட்டாது. விக்கலாம்னா, வாங்கறவன் உங்க ரெண்டு பேரையுமே வெச்சுக்கமாட்டான்."

ஆர்லீத்தா குனிந்து தன் முறுகிய விரல்களை நோக்கினாள். தனக்கென ஒரு தனிவீடு என்பது அவ்விடத்தில், அக்கணத்தில் முடிந்தது என்று நினைக்கிறேன். நிமிர்ந்தபோது அவள் குரல் தெளிவாக இருந்தது.

"கீழ்போர்ஷனை யாருக்கு வேணும்னாலும் விடுங்க. மேல்போர்ஷனை எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துக் குடுங்க. புது வாடகையை ஆளுக்குப் பாதியாக் கட்டறோம்."

"படுக்கையறை ஒண்ணுதானே?"

"எனக்கு எண்ணத் தெரியும், மிஸ்டர் ஸ்டாசியக்."

கூடத்தின் மறுகோடியிலிருந்து லட்ரீஸின் குரல் வந்தது. "என்னைக் கேட்டீங்களா?"

"இப்பக் கேக்கறேன். வர்றியா?"

"வேற எங்க போறது? வர்றேன். ஆனா உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"எதுக்கு? அடைச்சதுக்கா, கூப்பிட்டதுக்கா?"

லட்ரீஸின் மடியில் இமானி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். லட்ரீஸ் குழந்தையின் தலைமுடியை ஒருமுறை கோதிவிட்டாள்.

"ரெண்டுக்கும்" என்றாள்.

தை மாதப் பனியில் அவர்கள் திரும்பினார்கள். லட்ரீஸ் மூட்டைகளோடு படியேறுமுன்னே ஆர்லீத்தா தன் கட்டிலைத் தானே முன்னறைக்கு இழுத்துப் போட்டுவிட்டாள். கீழ்போர்ஷனுக்கு இருவரும் சம்பாதிக்கும் ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். புதிய வாடகையில் பாதியைக் கொடுப்பதே ஆர்லீத்தாவுக்குப் பழைய முழு வாடகையைக் கொடுத்தது போலத்தான். மாதக் கடைசியில் மேல்வீட்டில் அடுப்பு எரிவது அரிது.

புதன்கிழமைகளில் சபைக் கூடத்தில் நாங்கள் உணவு பரிமாறுகிறோம். மூவரும் ஒரே மேசைக்கு வந்து, பெரியவர்கள் இருவரும் எதிரெதிரே அமர்கிறார்கள். பேச்சு அதிகமில்லை. குழந்தை இருமினால் மட்டும் இருவர் கரண்டியும் ஒருசேரத் தட்டில் இறங்குகிறது. அதன் மூச்சு சீராகும்வரை எவரும் அடுத்த வாய் உண்பதில்லை.