தடம் விழாத பிளாஸ்டிக்

நுண்ணோக்கியில் நான் தேடியது சின்னஞ்சிறு வட்டக் குழிகளை. சுவரிலிருந்து கசியும் ரேடான் வாயு ஆல்ஃபா துகள்களை உமிழும். அவை மோதிய இடத்தில் பிளாஸ்டிக் காயப்படும். சூடான காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் காயம் குழியாக விரிந்து, கேமராவில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ரேடானை அளக்க மூன்று மாதம் வீடுகளில் தொங்கவிட்ட பிளாஸ்டிக் துண்டுகளில் புள்ளிகள் மொய்த்திருக்க வேண்டும். திரையில் ஒன்றிரண்டுதான் இருந்தன.

கரைசலைப் புதிதாகக் கலந்து மீதித் துண்டுகளையும் போட்டேன். அவையும் அப்படியே. மாத இறுதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் பெயரை அடித்துவிடுவார்கள். அதுதான் கடைசித் தவணை. இந்தப் பட்டத்துக்காக புக்கிட் தெங்கா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். வீட்டில் யார் முகத்தில் விழிப்பது?

சுங்கை பினாங் அடுக்குமாடிக்கு ஓடினேன். அந்த மாடி முழுக்கப் பேசி, துண்டுகளை மாட்டச் சம்மதம் வாங்கித் தந்த அக்காதான் கதவைத் திறந்தார்.

"அக்கா, யாராச்சும் அதத் தொட்டாங்களா?"

"யாரையும் தொட விடலலா தம்பி. தீபாவளிக்கு எல்லா வீட்லயும் சுவத்துக்கு சாட் அடிச்சாங்க. பெயிண்டு பட்டா ஒன் சாமான் கெட்டுப் போயிடும்ல? நீ மாட்டின மறுவாரமே நானே வீடு வீடா போயி கழட்டிட்டேன். அலுமினியத் தாள்ல சுத்தி, பிஸ்கட் டின்ல போட்டு, சாமி மேடைக்குக் கீழ வச்சுட்டேன். அப்புறம் பிள்ளைங்க வந்து போயிக்கிட்டே இருந்துச்சுங்க, அதான் எடுக்கல. நீ வர்றதுக்கு மொத நாளு மறுபடி மாட்டியாச்சு."

ஒரு காகிதத்தைக்கூடத் துளைக்க முடியாத துகள் அது. அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அதைவிட என்மேல். நனைக்காதீர்கள், துடைக்காதீர்கள், கீறாதீர்கள் என்று அச்சடித்துக் கொடுத்த மகா புத்திசாலி, நடுவில் தீபாவளி வருகிறதே என்று காலண்டரைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு சாட் அடிப்பதே நான்தான்.

நடந்ததைச் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன். காட்டுவதற்காக நான் கொண்டுபோயிருந்த அவர் வீட்டுத் துண்டை அக்கா என் கையிலிருந்து வாங்கினார். ஸ்டூலைப் போட்டு ஏறி, பழைய இடத்திலேயே மாட்டினார்.

"இன்னும் மூணு மாசந்தானே தம்பி. இந்தவாட்டி நான் தொடவே மாட்டேன்."

காஸ்டிக் சோடாவில் வெந்த அந்தத் துண்டு இனி எதற்கும் உதவாது. எனக்கு மூன்று மாதமும் இல்லை. ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டு, "சரிக்கா" என்றேன்.