தூணுக்குப் பின்னால் பறந்தது

காகிள்ஸை மாட்டிவிட்டால் என்னைச் சுற்றி இருப்பது எதுவும் எனக்குத் தெரியாது. இரண்டு கண்ணையும் அடைத்து மூடும் பெட்டி அது. உள்ளே சின்னத் திரை. எஃப்.பி.வி. ட்ரோனின் மூக்கிலிருக்கும் கேமரா எதைப் பார்க்கிறதோ, அதை மட்டும்தான் நானும் பார்ப்பேன். உடம்பு நாற்காலியில் இருக்கும், கண் மட்டும் மண்டபத்துக்குள் பறந்துகொண்டிருக்கும். அதனால் பக்கத்தில் ஒருவர் வெறுங்கண்ணோடு நின்றே ஆக வேண்டும். குறுக்கே ஓடிவரும் குழந்தையும் பக்கவாட்டில் தொங்கும் சீரியல் விளக்கு வயரும் கேமராவில் விழாது.

எனக்கு அந்த ஒருவர் என் அம்மா. அப்பா போன பிறகு வீட்டுக்குள்ளேயே கிடந்தவளை நான்தான் இழுத்து வந்தேன். மேளச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் அம்மா என் பின்னால் நின்று இரண்டு தோளிலும் கை வைத்திருப்பாள். இடது தோளை அழுத்தினால் இடப்பக்கம் போக வேண்டும், வலதை அழுத்தினால் வலப்பக்கம்.

அன்று பெரம்பலூரில் ஒரு கல்யாணத்தைப் படமெடுக்கப் போயிருந்தோம். மாப்பிள்ளை வீடு ரெட்டிபாளையம். பெண்ணுக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். காலையில் எங்களுக்குக் காபி கொண்டுவந்தது பெண்ணின் அம்மா. அதன்பிறகு அவரைக் காணவில்லை.

மேடைக்கு எதிரே நாங்கள் தயாரானபோது பெரியப்பா வந்தார். என் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"ஏம்மா, தாலி கட்டுற நேரத்துல இவங்க முன்னால நிக்க வேணாம். பந்திப் பக்கம் போயி உக்காரச் சொல்லு. வேற ஆள நிறுத்திக்க."

அம்மா உடனே பையை எடுத்தாள். அவள் எடுத்த வேகம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. எத்தனை வீடுகளில் இப்படி எழுந்து போயிருப்பாள்!

"அவங்க நின்னாத்தான் இது பறக்குங்க. இல்லன்னா ரெண்டு பேரும் இப்பவே பஸ் ஏறிடுறோம்."

"என்னம்மா இப்படிப் பேசுற?"

"வேற எப்படிங்க பேசுறது? நான் கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டுறேன். எங்கண்ணு அவங்கதான்."

ட்ரோன் படம் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவர் மாப்பிள்ளை. முகூர்த்தமும் நெருங்கிவிட்டது. பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார். அம்மாவின் கை மறுபடி என் தோளுக்கு வந்தது.

பறக்கவிட்டேன். இது கையை எடுத்தால் அப்படியே அந்தரத்தில் நிற்கிற வகை இல்லை. இடது விரல் உயரத்தைப் பிடிக்க வேண்டும், வலது விரல் சாய்த்து நகர்த்த வேண்டும், அசந்தால் யார் தலையிலாவது விழும். கான்கிரீட் தூணுக்குப் பின்னால் போனால் சிக்னல் தடைபட்டுப் படம் உடையும். அதனால் தூண்களை விட்டு விலகியே ஓட்டுவேன். இது அம்மாவுக்கும் தெரியும்.

கெட்டிமேளம் முழங்கியது. மேடையை நோக்கித் திருப்பினேன். அம்மா இடது தோளை அழுத்தினாள். இடப்பக்கம் இருந்தது தூண். நான் தயங்கினேன். நகம் பதிய மறுபடி அழுத்தினாள். போனேன். திரையில் கோடு கோடாக ஓடியது, எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு படம் தெளிந்தது.

தூணுக்குப் பின்னால், காலையில் காபி கொடுத்தவர் நின்றிருந்தார். முந்தானையை வாயில் அழுத்தியபடி மேடையை எட்டிப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். மெல்ல அவர் பின்பக்கம் சுற்றி, தோளுக்கு மேலே ஏறினேன். ஒரே படத்தில் இந்தப் பக்கம் அவர் தலை, அந்தப் பக்கம் மகள் கழுத்தில் ஏறும் தாலி.

சில நாள் கழித்துப் பெரியப்பா போன் செய்தார்.

"அந்தத் தூணுகிட்ட எடுத்தத வெட்டிடும்மா. நல்லால்ல."

"வெட்ட மாட்டேங்க. பொண்ணு பாத்துட்டாங்க. படமே அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க."